உதயதாரகையும் பாவலர் சரித்திர தீபகமும்: ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் எழுத்துப் பணி

19 ஆம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கிய வரலாற்றை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அதனை இரு கூறாக வகுத்தே நோக்குவர். ஒருபுறம் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரும் அவர்வழி வந்த சைவத் தமிழறிஞர்களும் நிற்பர். மறுபுறம் மிஷனரிமாரும் அவர்தம் அச்சகங்களும் கல்விக்கூடங்களும் நிற்கும். இவ்வகுப்பு முற்றிலும் பொருந்தாதது எனக் கூறுதல் இயலாது. சமயப் போட்டியே அந்நூற்றாண்டு யாழ்ப்பாணத்தின் அறிவு முயற்சிகள் பலவற்றுக்கு உந்துவிசையாய் அமைந்தது என்பதை எவரும் மறுக்கார். ஆயினும், இவ்விரு கூறுகளுள் எதனுள்ளும் முழுமையாக அடங்காத சிலரும் அக்காலத்தே வாழ்ந்தனர். மிஷனின் மாணவராய்த் தொடங்கி, ஆசிரியராய்ப் பணி புரிந்து, பத்திரிகாசிரியராய் ஏறத்தாழ 40 ஆண்டுகள் உழைத்து, ஈற்றில் தமிழ்ப் புலவர் அனைவருக்குமாக ஒரு சரித்திர நூலை யாத்தளித்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை அத்தகையோருள் ஒருவர். அவருடைய வாழ்வையும் பணியையும் நோக்குவது, மேற்கூறிய பாகுபாடு எத்துணைத் தூரம் பொருந்தும் என்பதை அளந்தறியவும் துணை செய்யும்.

இரு பெயர்

சதாசிவம்பிள்ளை 1820 ஆம் ஆண்டு மானிப்பாயை அடுத்த நவாலியிற் பிறந்தார். அவர் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, அதாவது 1816 இல், அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தம் நிலையங்களை அமைத்துவிட்டனர். ஒல்லாந்தர் விட்டுச் சென்ற பாழடைந்த கோவில்களையும் குருமனைகளையும் திருத்தி அவற்றிற் குடியேறிய அவர்கள், முதலிற் கைக்கொண்ட கருவி கல்வியே. கிராமங்கள்தோறும் சுதேச பாஷைப் பள்ளிகள் தோன்றின. அவற்றிலே தேறிய பிள்ளைகளை மிஷன் வளவிலேயே உண்டியும் உறையுளும் அளித்துப் படிப்பிக்கும் விடுதிப் பள்ளிகளும் எழுந்தன. 1823 ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் டானியல் பூவரைத் தலைவராகக் கொண்டு உயர்கல்விக்கூடம் ஒன்று நிறுவப்பட்டது. அதுவே பின்னர் வட்டுக்கோட்டைச் செமினரி எனப் புகழ் பெற்றது.

இவ்விடுதிகளிற் சேர்ந்த பிள்ளைகளின் செலவை அமெரிக்காவிலுள்ள அன்பர்கள் ஏற்றுக்கொள்வதும், அவர்கள் விரும்பிய பெயரையே அப்பிள்ளைகளுக்குச் சூட்டுவதும் அன்றைய வழக்கம். கறல் விசுவநாதபிள்ளை, எவாட்ஸ் கனகசபைப்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை என வழங்கும் பெயர்களெல்லாம் இவ்வழக்கத்தின் விளைவுகளே. சதாசிவம்பிள்ளை ஜே. ஆர். ஆர்னல்ட் ஆனதும் இவ்வாறே. கடல் கடந்த ஒருவரின் பெயரைச் சுமந்து படித்த இவர்களுட் பலர், பிற்காலத்தில் தம் தமிழ்ப் பெயரையும் விடாது உடன் வைத்தே வழங்கினர். ஆங்கிலத்தில் ஆர்னல்ட் என்றும் தமிழில் சதாசிவம்பிள்ளை என்றும் ஒருவரே இரு பெயரால் அறியப்பட்டமை வெறும் பெயர்ச் செய்தி அன்று. இரு மொழிக்கும் இரு மரபுக்கும் இடையே நின்று தொழிற்பட வேண்டியிருந்த ஒரு தலைமுறையின் நிலையை அது உணர்த்துகின்றது.

செமினரி அளித்த பயிற்சி

1830 களிற் செமினரியிற் பயின்ற சதாசிவம்பிள்ளை, டானியல் பூவரின் காலத்தின் ஈற்றையும் அவர்பின் 1836 இல் தலைமை ஏற்ற ஹென்றி ஹொய்சிங்ரனின் காலத்தின் தொடக்கத்தையும் கண்டவர். சமயப் பிரசாரத்துக்கு உதவும் சுதேச ஊழியரை ஆக்குவதே செமினரியின் நோக்கம் எனினும், அதன் பாடத்திட்டம் அந்நோக்கத்தின் எல்லையைக் கடந்து விரிந்தது. வேதாகமத்தோடு ஆங்கிலம், கணிதம், வானசாத்திரம், பௌதிகம், வரலாறு என்பனவும், தமிழ் இலக்கண இலக்கியமும் வடமொழியும் அங்குக் கற்பிக்கப்பட்டன. ஹொய்சிங்ரனே சிவஞானபோதத்தை ஆங்கிலத்திற் பெயர்த்தார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. இலங்கை அரசின் குடியேற்ற நாட்டுச் செயலாளராய் இருந்த எமர்சன் ரெனன்ற், 1850 இல் வெளியிட்ட இலங்கைக் கிறித்தவ வரலாற்று நூலில், இச்செமினரியின் கல்வித்தரத்தை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டுப் பாராட்டினார்.

இப்பயிற்சியின் விளைவு இருதலைப்பட்டது. மாணவர், தம் பாட்டன்மார் ஏட்டிற் படித்த நூல்களையே, இலக்கணமாகவும் இலக்கியமாகவும் ஆராயத்தக்க பொருளாகவும் மீண்டும் சந்தித்தனர். மறுகண்ணால் நியூட்டனையும் உலக வரலாற்றையும் கண்டனர். ஒன்றின் மொழியில் மற்றதைச் சொல்ல முயன்ற அவர்களுக்கு, அதற்கேற்ற வசனநடை தமிழில் ஆயத்தமாய் இருக்கவில்லை. உரையாசிரியர்களின் நடை உண்டு. பேச்சு வழக்கு உண்டு. ஆனால் ஒரு கிரகணத்தின் காரணத்தையோ, ஒரு கட்டளைச் சட்டத்தின் கருத்தையோ, தூரதேசத்துப் போரின் செய்தியையோ சாதாரண வாசகன் தானே படித்து விளங்கிக்கொள்ளும் நடை இனித்தான் ஆக்கப்பட வேண்டியிருந்தது. சதாசிவம்பிள்ளையின் வாழ்நாட் பணி இவ்வெற்றிடத்திலேயே வேரூன்றிற்று.

உதயதாரகை

1841 ஆம் ஆண்டு சனவரி 7 ஆந் திகதி உதயதாரகையின் முதலாவது இதழ் வெளிவந்தது. இலங்கையில் வெளிவந்த முதலாவது தமிழ்ச் செய்திப் பத்திரிகை இதுவே. மாதம் இருமுறை, தமிழும் ஆங்கிலமும் அருகருகே அமைய, மானிப்பாய் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் இது அச்சிடப்பட்டது. அவ்வச்சகத்தின் வரலாறும் சுவையானது. 1820 இல் அச்சியந்திரத்தோடு தொடர்புடைய பணிக்கென வந்த அமெரிக்கர் ஜேம்ஸ் கறற் என்பாரைத் தேசாதிபதி பார்ன்ஸ் தங்க அனுமதிக்கவில்லை. 1834 இல், எட்வேட் பார்ன்ஸ் பதவி நீங்கிய பின்னரே, மானிப்பாயில் மிஷன் அச்சகம் தொழிற்படத் தொடங்கியது. ஏழாண்டுகளின் பின் எழுந்த உதயதாரகையை நடத்தியவர் அமெரிக்கர் அல்லர். செமினரியிற் பயின்ற ஹென்றி மார்ட்டின், செத் பேசன் என்னும் தமிழர் இருவரே அதன் முதலாசிரியர்கள். கல்வி, விஞ்ஞானம், பொது இலக்கியம், கமம், அரசியல், சமயம் என்பன பற்றிய கட்டுரைகளையும் செய்திச் சுருக்கத்தையும் வழங்குவதே பத்திரிகையின் நோக்கமாகக் கூறப்பட்டது.

சமயப் பிரசாரத்தின் பொருட்டு நிறுவப்பெற்ற பத்திரிகை எனினும், அது தொடங்கிய சில காலத்துள்ளேயே பிறிதொரு பண்பையும் பெற்றுவிட்டது. 1843 இல் சைவர் தரப்பினின்று எழுந்த நீண்ட மறுப்புக் கடிதம் ஒன்று உதயதாரகையிலேயே இடம்பெற்றது. அதனை எழுதியவர் இளைஞரான ஆறுமுக நாவலரே என ஆய்வாளர் கொள்வர். தாக்குவோனின் தாளிலேயே தாக்குண்டவனின் குரலும் ஒலித்தது. அச்சுத் தொழிலின் ஆற்றலை யாழ்ப்பாணத்துச் சைவர் உணர்ந்துகொள்ள இதுபோன்ற நிகழ்ச்சிகளும் காரணமாயின. 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய நாவலர், அதனைத் தொடர்ந்து தமக்கென அச்சியந்திரசாலையும் அமைத்தார் என்பது யாவரும் அறிந்ததே.

1855 ஆம் ஆண்டு செமினரியின் வாழ்வு முடிவுற்றது. போஸ்ரனிலிருந்து வந்த றூபஸ் அன்டர்சன் தலைமையிலான தூதுக்குழு, ஆங்கில வழி உயர்கல்வி கற்றோர் அரசாங்க உத்தியோகத்தையே நாடுகின்றனர், ஊழியத்துக்கு வருவோர் சிலரே எனக் கண்டு, கிராமத்துச் சுதேச மொழிக் கல்விக்கே முதன்மை அளிக்க வேண்டும் எனத் தீர்மானித்தது. 32 ஆண்டுகள் நிலைத்த கல்விக்கூடம் மூடப்பட்டது. அதன் மாணவர் பல திசையிற் பிரிந்தனர். 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாய்த் தேறிய கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அச்செமினரியின் பிள்ளைகளே. பின்னவர் தமிழகத்திலே தங்கி அரச பணியும் பதிப்புப் பணியும் ஆற்றிப் பெரும்புகழ் எய்தினார்.

அதே 1857 இல் சதாசிவம்பிள்ளை உதயதாரகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். சென்னைக்குச் செல்லவுமில்லை, கச்சேரி உத்தியோகத்தை நாடவுமில்லை. பள்ளிகளில் ஆசிரியராய்ப் பயின்ற கையோடு பத்திரிகைப் பணியில் அமர்ந்த அவர், 1890 களின் நடுப்பகுதியில் மறையும்வரை அப்பணியில் நிலைத்திருந்தார். செமினரி மூடப்பட்ட பின்னர், புதிய அறிவைத் தமிழில் ஒழுங்காக வழங்கும் வாயில்களுள் உதயதாரகை முதன்மையான ஒன்றாயிற்று. கல்விக்கூடம் ஒன்று விட்ட பணியின் ஒரு பகுதியைப் பத்திரிகை தொடர்ந்தது எனக் கூறினும் மிகையாகாது.

எழுதக் கற்பித்த ஆசான்

சதாசிவம்பிள்ளையைப் பத்திரிகாசிரியர் என்ற அளவில் நிறுத்துதல் பொருந்தாது. அவர் இறுதிவரை ஆசிரியராகவே இருந்தார். 1872 இல் செமினரியின் வளவிலேயே எழுந்த யாழ்ப்பாணக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். பத்திரிகைக் காரியாலயமும் வகுப்பறையும் அவர் வாழ்வில் ஒன்றையொன்று தழுவி நின்றன. வகுப்பறையில் இலக்கணம் கற்பித்தவர் பத்திரிகையில் அவ்விலக்கணம் வழுவாது செய்தி எழுத வேண்டியவரானார். செய்தி எழுதிப் பழகிய கை பாடநூல் எழுதவும் முற்பட்டது.

இவ்வாறு எழுந்த நூல்களுள் 1858 இல் வெளிவந்த சாதாரண இதிகாசம் உலக வரலாற்றைத் தமிழ் மாணவருக்கு அறிமுகப்படுத்திற்று. 1869 இல் வெளிவந்த நன்னெறிக் கதாசங்கிரகம் பலவகைக் கதைகளை எளிய வசனத்தில் தொகுத்தளித்தது. ஈழத்துத் தமிழ்ச் சிறுகதையின் தோற்றுவாயை நாடிச் செல்லும் ஆய்வாளர் இந்நூலை ஒரு முன்னோடியாகச் சுட்டுவதுண்டு. நவீன சிறுகதைக்குரிய உருவ அமைதியை இதில் எதிர்பார்த்தல் பொருந்தாது. நீதி புகட்டலே இதன் குறிக்கோள். ஆயினும், கதையைச் செய்யுளின் துணையின்றி, கேட்போனுக்காக அன்றி வாசிப்போனுக்காகச் சொல்லும் முயற்சி என்றவகையில் இதற்கு வரலாற்று மதிப்பு உண்டு.

வசனத்தோடு அவர் நின்றுவிடவில்லை. வெல்லை அந்தாதி போன்ற செய்யுள் நூல்களையும் இல்லற நொண்டியையும் அவர் இயற்றினார். இங்கு ஒன்று கருதற்பாலது. அந்தாதி பழம்புலவர் போற்றிய பிரபந்த வகை. நொண்டி, களவும் காமமும் செய்து காலிழந்தவன் தன் கதையைத் தானே கூறித் திருந்துவதாக அமையும் மக்கட் சுவை மிக்க சிற்றிலக்கிய வகை. கிறித்தவ அறத்தையும் குடும்ப ஒழுக்கத்தையும் எடுத்துரைக்கப் புகுந்த ஒருவர், மேனாட்டு வடிவங்களைத் தேடிப் போகாது இவற்றையே நாடியமை, தம் வாசகர் யாவர் என்பதையும் அவர்தம் செவி எதற்குப் பழகியது என்பதையும் அவர் நன்கறிந்திருந்தார் என்பதற்குச் சான்றாகும். சமயம் மாறியது. யாப்பு மாறவில்லை.

பாவலர் சரித்திர தீபகம்

சதாசிவம்பிள்ளையின் பெயரை நிலைபெறச் செய்த நூல் 1886 இல் வெளிவந்த பாவலர் சரித்திர தீபகம் ஆகும். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்துக் கூறும் முயற்சி அவருக்கு முன்னரே தொடங்கிவிட்டது. கற்பிட்டியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி 1859 இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டு வெளியிட்ட தமிழ் புளூராக் என்னும் நூலே அதற்கு வழிகாட்டி. ஆயின் அது ஆங்கிலத்தில் அமைந்தது. ஏறக்குறைய இருநூறு புலவர்களைப் பற்றியே கூறுவது. தமிழ்ப் புலவரின் வரலாற்றைத் தமிழனே ஆங்கிலத்திற் படித்தறிய வேண்டிய நிலை அன்று இருந்தது. சதாசிவம்பிள்ளை அதனை மாற்றினார். காசிச்செட்டியின் நூலைத் துணையாகக் கொண்டு, அதனினும் ஏறத்தாழ இருமடங்கு, நானூற்றுக்கு மேற்பட்ட புலவர்களின் வரலாறுகளைத் தமிழ் வசனத்தில், அகராதி முறையில் ஒழுங்குபடுத்தி, அவர்தம் பாடல்களையும் இடையிடையே எடுத்துக்காட்டி எழுதினார்.

இந்நூலிற் சிறப்பாக நோக்கத்தக்கன இரண்டு.

முதலாவது, ஈழத்துப் புலவர்க்கு இதில் அளிக்கப்பட்ட இடம். நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர், இருபாலைச் சேனாதிராய முதலியார் முதலானோர், கம்பரும் ஒட்டக்கூத்தரும் நிற்கும் அதே வரிசையில், எழுத்து முறைக்கேற்பத் தத்தம் இடத்தில் நிற்கின்றனர். அகராதி ஒழுங்கு, நாடு பற்றியோ காலம் பற்றியோ உயர்வு தாழ்வு கற்பிப்பதில்லை. ஈழத்து இலக்கியத்தைத் தனித்து ஆராயும் நூல்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, அதற்கு வேண்டிய மூலச் செய்திகளை இந்நூல் சேமித்து வைத்தது. சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவரின் தமிழ்ப் புலவர் சரித்திரமும், சி. கணேசையர் 1939 இல் வெளியிட்ட ஈழநாட்டுத் தமிழ்ப் புலவர் சரிதமும் இவ்வழியிற் பின் எழுந்தவை.

இரண்டாவது, சமயம் பற்றிய அவரது நடுநிலை. மிஷன் பத்திரிகையின் ஆசிரியர் ஒருவர் எழுதிய நூல் இது. சைவ, கிறித்தவ வாதங்கள் யாழ்ப்பாணத்தில் அனல் பறக்க நிகழ்ந்த நூற்றாண்டில் எழுந்த நூலும் இதுவே. அத்தகைய சூழலிலும் சைவரும் வைணவரும் சமணரும் கிறித்தவரும் பாவலர் என்ற ஒரே தகுதியால் இதனுள் இடம்பெற்றனர். வாதக் களத்தில் எதிர்ப்பட்டோரின் மரபும் தன் மரபே எனக் கொள்ளும் மனம் இருந்தாலன்றி இத்தொகுப்பு இயலாது. மிஷன் தமிழைக் கற்பித்தது சமயத்தைப் பரப்புதற்கு. அக்கல்வியைப் பெற்ற மாணவன் அதனைத் தமிழின் நினைவைக் காத்தற்குப் பயன்படுத்தினான். கருவியாக ஆக்கப்பட்டவன் கருவியாகவே நின்றுவிடவில்லை என்பதே இங்கு அறியப்படும் உண்மை.

குறைகளும் மதிப்பும்

இன்றைய வரலாற்று ஆராய்ச்சி முறை கொண்டு நோக்குமிடத்துத் தீபகத்தில் குறைகள் பல உள. செவிவழிக் கதைகளும் கருணபரம்பரைச் செய்திகளும் ஆராயாது ஏற்கப்பட்டுள்ளன. வெவ்வேறு காலத்தவர் ஒரே அவையில் உரையாடுகின்றனர். கால நிர்ணயம் பலவிடத்தும் உறுதியற்றது. ஆயினும் இக்குறைகளைக் கூறுவோர் நூல் தோன்றிய ஆண்டினை மறத்தல் ஆகாது. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்தது 1887 இல். பத்துப்பாட்டு 1889 இலும், சிலப்பதிகாரம் 1892 இலும், புறநானூறு 1894 இலும் சாமிநாதையரால் அச்சேறின. தமிழிலக்கியத்தின் கால எல்லையையே மாற்றியமைத்த இந்நூல்கள் யாவும் தீபகத்தின் பின்னரே கற்றோர் கைக்கு எட்டின. சாசன ஆராய்ச்சியும் அப்போதுதான் முறைப்படத் தொடங்கியிருந்தது. ஆகவே தீபகம், பழைய நினைவுகள் புதிய சான்றுகளால் சோதிக்கப்படுவதற்குச் சற்று முன்னர், அந்நினைவுகளை உள்ளவாறே எழுத்திற் பதித்த நூலாகும். ஒரு கல்விச் சமூகம் தன் புலவரைப் பற்றி 1886 இல் யாது நம்பிற்று என்பதை அறிய இதனினும் சிறந்த சான்று வேறில்லை எனலாம்.

நடை பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். 19 ஆம் நூற்றாண்டு வசனநடை என்றதும் நாவலரின் நடையே நினைவுக்கு வருவது இயல்பு. இலக்கணச் செம்மையும் தெளிவும் உறுதியும் வாய்ந்த அந்நடை பெற்ற புகழுக்கு உரியதே. ஆயினும், வசனம் என்பது ஒருவர் ஆக்கித் தந்த பொருளன்று. மாதம் இருமுறை, ஆண்டுதோறும், தலைமுறை கடந்து, விலை விவரமும் நோய்ச் செய்தியும் அரசாணையும் மறுப்புக் கடிதமும் தாங்கி வெளிவந்த பத்திரிகைத் தமிழும் அதன் ஆக்கத்திற் பங்கு கொண்டது. அறிஞரின் நூல் நடைக்கு உயர்வைத் தந்தது. பத்திரிகை அதற்குப் புழக்கத்தைத் தந்தது. பின்னைய பணியில் நெடுங்காலம் உழைத்தோருள் சதாசிவம்பிள்ளை தலைமையானவர். 1876 இல் சத்தியவேத பாதுகாவலனும் 1889 இல் இந்து சாதனமும் யாழ்ப்பாணத்தில் எழுந்தபோது, பத்திரிகை வாசித்துப் பழகிய சமூகம் ஒன்று அவற்றை ஏற்க ஆயத்தமாயிருந்தது. கத்தோலிக்கரும் சைவரும் நடத்திய அப்பத்திரிகைகளின் வாசகர் கூட்டத்தை ஆக்கியதில் உதயதாரகைக்கும் உரிய பங்கு உண்டு.

மறுபதிப்பும் நினைவும்

தீபகம் நெடுங்காலம் கிடைத்தற்கரிய நூலாயிருந்தது. பேராசிரியர் பொ. பூலோகசிங்கம் விரிவான ஆராய்ச்சிக் குறிப்புகளோடு அதனைப் பதிப்பிக்க, கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1975 இலும் 1979 இலும் இரு பாகங்களாக வெளியிட்டது. சதாசிவம்பிள்ளை கேட்டவாறே எழுதியவற்றை, 90 ஆண்டுகளின் பின் வந்த பல்கலைக்கழக ஆய்வாளர் சான்றுகளோடு வைத்துச் சோதித்தார். மூலநூலாசிரியரின் உழைப்பும் பதிப்பாசிரியரின் உழைப்பும் இணைந்து நிற்கும் அப்பதிப்பு, முன்னோர் நூலை எவ்வாறு போற்ற வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இரண்டாம் பாகம் வெளிவந்த இரண்டே ஆண்டுகளில், 1981 இல், யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏடுகளோடும் எரியூட்டப்பட்டது. எழுதியவை அழியக்கூடும் என்பதை அனுபவத்தால் அறிந்த ஒரு சமூகத்துக்கு, தொகுத்து வைத்தலும் மறுபதிப்புச் செய்தலும் அறிஞர்தம் ஓய்வுநேர வேலைகள் அல்ல. அவை வாழ்வுக்குரிய தேவைகள்.

சதாசிவம்பிள்ளையை மிஷனின் கைக்கருவி எனத் தள்ளுவோரும் உளர். கிறித்தவர் தமிழ்ப்பணி என்னும் பட்டியலில் ஒரு பெயராகச் சேர்த்து அமைவோரும் உளர். இரு சாராரும் அவரைச் சமயத்தின் வழியாகவே அளக்கின்றனர். அவரோ தாம் வரிசைப்படுத்திய பாவலரை அவ்வாறு அளக்கவில்லை. மிஷன் அளித்த கல்வியை மறுக்காமலும், தாம் பிறந்த மரபைத் துறக்காமலும், இரண்டையும் ஒரு மொழியின் உடைமையாக்கியவர் அவர். அகராதி ஒழுங்கில் அவர் பிறர்க்கு அளித்த நடுநிலையான இடத்தை அவருக்கும் அளித்தல் ஈழத்து இலக்கிய வரலாற்றை எழுதுவோர்தம் கடன் ஆகும்.